ஹாரன் கேட்கும் தூரம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாங்கிய பழைய கார் நாலு மாதத்தில் ஏழு தடவை வழியில் நின்றது. ஆறு தடவை அதுவாக நின்றது. ஒரு தடவை நிறுத்தியது நான். அந்த ஒன்றை மறைத்து, பனச்சமூட்டில் ஒரு நல்ல மனிதரின் மூன்று வாரத்தைப் பாழாக்கினேன். இத்தனைக்கும் நான் கணக்கு வாத்தியார். ஒரே ஒரு தப்பான எண் உள்ளே புகுந்தால் சராசரி எப்படிச் சீரழியும் என்று தனுவச்சபுரத்து டியூட்டோரியல் ஒன்றில் வருடாவருடம் போர்டில் போட்டுக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன்.

எல்லாம் மாமனாரில் தொடங்கியது. மேல்புறம் பக்கத்தில் தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். இனி அப்பா நம்மோடு இருக்கட்டும் என்றாள் மனைவி. இருக்கட்டும் என்றேன் நானும். மாமனார் ஒரு நிபந்தனை வைத்தார். டாக்சி அனுப்பினால் ஏறமாட்டார். மருமகன் சொந்த வண்டியில் வந்து, வாசலில் நின்று விளித்தால் வருவார். சர்ச் சபை ஆட்கள் பார்க்க, மரியாதையாகப் போகவேண்டும். வேண்டாத சாமானை ஏற்றிவிட்டதுபோல் இருக்கக் கூடாது. நியாயம்தான். அதற்காகவே நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆளிடம் அந்தக் காரை வாங்கினேன்.

கார் எங்கள் ஊரில் நன்றாக ஓடும். பாறசாலை முழுக்கச் சுற்றும். மாமனார் வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் போகிற வழியில் எங்காவது செத்துவிடும். ஜீப்பில் கயிறு கட்டி எங்கள் ஊர்ப் பக்கம் இழுத்து வந்தால் உயிர் வந்துவிடும். கடைசித் தடவை அவர் வீட்டு முடுக்கு வரை போனது. வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது நின்றது. மாமனார் பொறுமையாக வாக்கரை நகர்த்திக்கொண்டு அவரே வந்து, பின் சீட்டில் ஏறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் கழித்து அவர் கதவைத் திறந்தார். வண்டி நேராகிவிட்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார். முடுக்கில் நாலு வீட்டுக்காரர்கள் வெளியே நின்று பார்த்தார்கள்.

"எங்க அப்பாவக் கூட்டப் போவணும்னா சாவும், வீட்டுக்குத் திரும்பணும்னா பிழைக்கும்," என்றாள் மனைவி. "உங்கள மாதிரியே ஒரு வண்டி."

நான் வாய் திறந்தால் பாதி விளையாட்டு என்று ஊருக்கே தெரியும். வண்டி நிஜமாகவே நிற்கிறது என்று வேதபுத்தகத்தில் கை வைத்துச் சொன்னேன். அதற்கும் அவள் அடுத்த ஜோக் எப்போது என்பதுபோல் பார்த்தாள். அப்படித்தான் பனச்சமூட்டு அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன்.

பெயர் எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன். வண்டிகளின் வயரிங் பார்க்கிறவர். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப் பையில் அவர் டெஸ்ட் லேம்ப் குத்தியிருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது வயர் உறையால் ஆனது. ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய சீட்டில் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவர் பானெட்டைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. முதல் நாள் முழுக்க விசாரணைதான்.

அந்த ஒர்க்ஷாப்பில் இரண்டு சொற்களுக்குத் தடை இருந்தது. ஒன்று 'திடீர்னு', மற்றது 'சில சமயம்'. தெரியாமல் நான் ஆரம்பித்தேன்: நல்லா ஓடிட்டே இருக்கும் அண்ணா, திடீர்னு... அவர் கையைத் தூக்கினார்.

"திடீர்னு ஒண்ணும் நடக்காது, சாரே. அதுக்கு முந்தி என்ன நடந்துது, அதச் சொல்லும்."

அதற்கு முந்தி என்றால் அவர் கணக்கில் காலைப் பலகாரத்திலிருந்து. என்ன தின்றேன், யார் யார் ஏறினோம், எந்தப் பக்கக் கதவை யார் அடைத்தார்கள், ரேடியோ பாடியதா, கண்ணாடி இறக்கியிருந்ததா. நான் விஷயத்தைச் சுருக்கலாம் என்று, நானே கண்டுபிடித்து வைத்திருந்த நோயைச் சொன்னேன். இம்மொபிலைசர். போனில் பதினேழு வீடியோ பார்த்துப் படித்தது. சாவிக்குள் ஒரு சில்லு உண்டு, அதை வண்டி நீ நம்ம ஆள்தானா என்று கேட்கும், பதில் சரியில்லை என்றால் எஞ்சினை அடைத்துவிடும் என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அந்தச் சில்லுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று ஒரு வாரம் சாவியைத் தனியாக சோப்பு டப்பாவில் வைத்துக்கொண்டு திரிந்ததையும் பெருமையாகச் சொன்னேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது. பிறகு, அந்தக் கேள்வி ஸ்டார்ட் ஆகும்போது மட்டும்தான், ஓடும்போது அது கேட்காது என்றார்.

"வீட்டுக்குள்ள ஏத்தி இலை போட்ட விருந்தாளிகிட்ட, பாதிச் சோத்தில பேரு கேப்பீரா?"

ஃபியூஸ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து என் கையில் தந்தார். நின்ற இடங்களை எழுதச் சொன்னார். நேரம் வேண்டாம், காரணம் வேண்டாம், இடம் மட்டும். எழுதினேன். மீன்சந்தை முக்கு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. கல்யாண மண்டப வாசல். நாலாவதில் பேனா கொஞ்சம் தயங்கியது. 'பாறசாலை தாண்டி, ரப்பர் தோட்டத்து வளைவு' என்று எழுதினேன்.

அந்த நாலாவது நான்.

அன்று சனிக்கிழமை. மாமனார் வந்துவிட்டால் என்னென்ன போகும் என்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். முன்னறை போகும், மத்தியான உறக்கம் போகும். விடியற்காலை அஞ்சு மணிக்கு அவர் உரக்க ஜெபிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, என் ஜோக்குக்கு இதுவரை ஒருமுறைகூடச் சிரிக்காத ஒரே மனிதர் அவர். இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகட்டுமே என்று தோன்றியது. பக்கத்தில் மனைவி கண்ணை மூடி, இன்றைக்காவது வண்டி நிற்காமல் போகவேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். வளைவில் வேகம் குறைந்தபோது சாவியைப் பின்னால் திருப்பிவிட்டேன். போச்சு என்றேன். வண்டிக்கு அதற்குள் நல்ல கெட்ட பெயர் இருந்ததால் யாரும் சந்தேகப்பட வழியில்லை. அரை மணிக்கூர் கழித்து ஸ்டார்ட் செய்து வீட்டுக்குத் திரும்பினோம். அவள் வழி முழுக்கச் சாவிக்கொத்து ஆடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஏதோ கோடு ஒன்று இழுக்கப்போனார். நாலாவதுக்கு வந்ததும் விரல் நின்றது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஏன் இவ்வளவு விசாரணை, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று இரண்டாம் நாள் கேட்டேன். அப்போதுதான் கூரையில் ஹாரன் அடித்தது. பழைய ஸ்கூட்டர் ஹாரன், தகரத்தில் மாட்டியது. கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். பதினைந்து நிமிடம் கழித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

பக்கத்து டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் மனைவி குவைத்தில் நர்ஸ். மனைவியின் அம்மா ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் படுத்த படுக்கை. வலது கை மட்டும் அசையும். அந்தக் கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். அதை அமுக்கினால் இந்த ஹாரன் கத்தும். இந்தப் பக்கம் பேக்கரி வரை கேட்கும், அந்தப் பக்கம் சிலுவை நட்ட குருசடி வரை கேட்கும். ஒன்பது வருடமாக அண்ணன் பேக்கரியையும் குருசடியையும் தாண்டியதில்லை. நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு வருகிற அந்த முக்கில் இருந்துகொண்டு, சந்தைக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறதென்று ஆட்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். லாரி ஏதாவது இரைந்துகொண்டு போனால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பார். லாரிச் சத்தத்துக்கு அடியில் ஹாரன் அமுங்கிவிடக் கூடாதே.

அதனால்தான் அந்த விசாரணை. வண்டி நின்ற இடத்தை அவர் அடுத்தவர் வாய் வழியாகத்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

அந்த வாய்கள் ஒழுங்காக இருந்தனவா என்றால், இல்லை. ஒரு நாள் ஒருத்தர் பைக்கோடு வந்தார். சில சமயம் நின்றுவிடுகிறது என்றார். சில சமயம் என்றால் எப்போது என்று அண்ணன் கேட்டார். மழை, மேடு, பள்ளம், ஞாயிறு, திங்கள் என்று இரண்டு மணிக்கூர் விசாரணை போயிற்று. கடைசியில் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரி பின்னால் ஏறினால்தான் நிற்கிறது என்றார். அவள் கனத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம். பின் சீட்டுக்கு அடியில் ஒரு வயர் நசுங்கிக் கிடந்தது. அஞ்சு நிமிட வேலை. சீட்டு ஸ்பிரிங் சரியில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி அண்ணன் அவரை அனுப்பிவைத்தார்.

இன்னொன்றை நான் கேட்டிருக்கவே கூடாது. அன்று என்னைக் காரின் பின் சீட்டுக்கு அனுப்பியிருந்தார். சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் பம்ப் இருக்கிறது, சாவியைத் திருப்பும்போது அது முனகுகிறதா என்று காது வைத்துக் கேட்கவேண்டும். கேட்டேன், முனகியது. பிறகு அவர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இன்னொரு வண்டிக்குப் போய்விட்டார். பின் கதவு இரண்டிலும் குழந்தைப் பூட்டு. கண்ணாடி இறங்காது. முன் சீட்டுக்குத் தாவலாம் என்று பார்த்தால், என் தொப்பை இரண்டு சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கையைக் காலை உதறிப் பழையபடி பின்னால் விழுந்து, விரலளவு திறந்திருந்த கண்ணாடி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போது வந்தவர் ஒரு சபையின் கமிட்டி செயலாளர். அவர் கார் ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்றுவிடும். அது அசல் இம்மொபிலைசர் கோளாறு. சாவி உறையைக் கழற்றித் தரும்படி அண்ணன் கேட்டார். செயலாளர் தரவில்லை. தோல் உறை, வெறும் அழகுக்கு என்றார். அண்ணன் அங்கே நின்றிருந்த இரண்டு பேரை டீ குடிக்க அனுப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். உறையைப் பிரித்தபோது உள்ளே ஒரு செம்புத் தகடு, நாலாக மடித்தது, மந்திரம் எழுதியது. வண்டி அடிக்கடி எதிலாவது தட்டுகிறதே என்று அவருடைய மைத்துனர் எங்கோ பூஜித்து வாங்கித் தந்ததாம். அந்தத் தகடு சில்லை மூடிக்கொண்டதால் வண்டி கேட்ட கேள்விக்குச் சாவியால் பதில் சொல்ல முடியவில்லை.

"இது பர்சில இருக்கட்டு. சாவி கூட வேண்டாம்," என்றார் அண்ணன். அவ்வளவுதான். ஒரு சிரிப்புக்கூட இல்லை. இப்படி ஒரு சரக்கு எனக்குக் கிடைத்திருந்தால் மூன்று பஞ்சாயத்துக்கு விநியோகம் செய்திருப்பேன். பின் சீட்டில் மூச்சைப் பிடித்துக் கிடந்தபோது, இந்த ஆளிடம் என்ன சொன்னாலும் வெளியே போகாது, என்னுடையதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கதவைத் திறந்துவிட்டதும் சொன்னேன். என்ன சொன்னேன் என்றால், குழந்தைப் பூட்டு வாத்தியார்களுக்கும் வேலை செய்கிறது அண்ணா என்றேன்.

தண்டனை அதற்குப் பிறகுதான் வந்தது. பம்ப், ரிலே, சாவித் துவாரம், எர்த் வயர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. இனி வண்டி நிற்கும்போது கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்றார். மற்ற ஆறு இடமும் தூரம், நின்றால் ஜீப் வைத்து இழுக்கவேண்டும். ரப்பர் தோட்டத்து வளைவுதான் பக்கம். அங்கே போய்ச் சுற்றிக்கொண்டே இரியும், போனை ஸ்பீக்கரில் போடும் என்றார்.

வகுப்பு முடிந்து தினமும் போனேன். வளைவில் போய், திரும்பி, மறுபடி வளைவுக்கு வந்து. ரப்பர் பால் வெட்டுகிற ஆட்கள் முதல் நாள் பார்த்தார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் உட்கார்ந்து எண்ணினார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்துகொண்டே இருக்கும். நின்னுதா, சாரே? இல்ல அண்ணா. கொஞ்சம் மெல்லப் போவும். போறேன் அண்ணா. அந்த அம்மாவுக்கு ஒருபக்கம் திரும்பிப் படுக்க நேரமாகும்போது போனிலும் ஹாரன் கேட்கும்; தான் வரும்வரை நிறுத்தாமல் ஓட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போவார். நான் பொய் சொன்ன இடத்தை நானே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு நாள் நாற்பத்தோரு சுற்று. இப்போதாவது நின்றுவிடேன் என்று வண்டியிடம் கெஞ்சினேன். அது ஏன் நிற்கவேண்டும்?

வீட்டில் மனைவி முன்னறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, வாக்கர் வழுக்காமலிருக்கத் தரையில் பாய் விரித்து வைத்திருந்தாள். ராத்திரி மாமனார் போன் செய்வார். வண்டியைப் பற்றிக் கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்று மட்டும் மகளிடம் கேட்பார். அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அப்பா என்று மட்டும் சொல்வாள். போனை வைத்தபிறகு என்னைப் பார்க்காமல் விளக்கை அணைப்பாள். மூன்றாவது வாரம் புதன்கிழமை, மாதர் கூட்டம் என்று போனவள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள்.

மறுநாள் வளைவுக்குக் கிளம்புமுன் வழக்கம்போல் ஒர்க்ஷாப்பில் தலைகாட்டினேன். அண்ணன் அந்த அட்டையை மடியில் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது வரியைப் பென்சிலால் அடித்தார். ஒரே கோடு. நிமிர்ந்து பார்க்கவில்லை. மீதி ஆறையும் சுற்றி ஒரு வட்டம் வரைந்து என்னிடம் நீட்டினார்.

மீன்சந்தை, வேகத்தடை, மண்டபம், பஸ் ஸ்டாப், மாதா கோயில் திருப்பம், மாமனார் முடுக்கு. ஆறும் தமிழ்நாடு. எங்கள் பாறசாலையும் அடித்த நாலாவதும் கேரளம்.

இதைப் பார்க்க ஒரு கணக்கு வாத்தியாருக்கு நாலு மாதம் போதவில்லை. என் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் எல்லையை யாரும் ஓர் இடமாக நினைப்பதில்லை. காலையில் மீன் வாங்க அந்த மாநிலம், மத்தியானம் மருந்து வாங்க இந்த மாநிலம். அடுக்களைக்கும் முற்றத்துக்கும் போய் வருவதுபோல் தாண்டுவோம். எங்களுக்கு மறந்துபோன கோடு வண்டிக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

வண்டியை எனக்கு விற்றவன் அதை வாடகைக்கு விடுகிறவனா என்று அண்ணன் கேட்டார். ஆமாம் என்றேன். டாஷ்போர்டைக் கழற்றி, வயர்க் கட்டுக்கு உள்ளே கையை விட்டு, கறுப்பு டேப் சுற்றிய, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒன்றை எடுத்தார். பார்த்தால் கம்பெனியே வைத்ததுபோல் அவ்வளவு சுத்தமான வேலை. வாடகைக்கு எடுத்த வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோய் அடமானம் வைக்கிற விரகர்கள் இருந்தார்கள். அதற்கு அந்த ஆள் வைத்த வேலி. வண்டி எங்கே இருக்கிறதென்று பெட்டி ஜி.பி.எஸ். வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். நல்ல வேகத்தில் போகும்போது நிறுத்தினால் ஆள் செத்துவிடும் என்பதால், வேகம் குறையும்வரை காத்திருக்கும்.

"இது கேடு இல்ல, சாரே. கேரளம் தாண்டினா பம்ப நிறுத்துன்னு ஒருத்தன் சொல்லி வச்சிட்டுப் போனான். அவன் மறந்தாச்சு. இது மறக்கல்ல."

முதல் நாளே அட்டையில் அந்த எல்லைக் கோட்டைப் பார்த்ததாகவும், நாலாவது இடம் கேரளத்துப் பக்கம் இருந்ததால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். கோபம் இல்லை. நாலாவது எப்படித் தப்பானது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அறுந்த வயர்களை ஒட்டி, டேப் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் பொய் சொன்னதை வெறும் ஆறு புள்ளியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாரே, இவர் ஒரு மேதை என்று அன்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டி எங்கேயும் நிற்கவில்லை. மீன்சந்தையில் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். மாமனார் வாசலில் நின்று விளித்தேன், அவர் துணிப்பையோடு வந்து ஏறினார். இப்போது முன்னறையில் இருக்கிறார். அஞ்சு மணிக்கு ஜெபிக்கிறார். இன்னும் சிரிக்கவில்லை. அண்ணன்தான் பனச்சமூட்டில் இல்லை. அந்த அம்மா இறந்து நாற்பது நாள் கழிவதற்குள் ஒர்க்ஷாப்பைப் பூட்டிவிட்டு குவைத்துக்குப் போய்விட்டார். தகரக் கூரையில் ஹாரனை மட்டும் கழற்றவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை காலை, புறப்படுவதற்கு முன் நடந்தது. வண்டியை எடுக்க மனைவியும் என்னோடு ஒர்க்ஷாப்புக்கு வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். அவரும் அசைத்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவள் முன் சீட்டில் ஏறி, கதவை அடைத்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். எனக்கு மனது கேட்கவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, மூக்கின் மேல் கண்ணாடியோடு திரும்பி உள்ளே போனேன்.

அண்ணன் பஸ் சீட்டில் உட்கார்ந்து இன்னொரு வண்டியின் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். குனிந்து, காதருகே, நாலாவது வரி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எது எப்படியானாலும் அவள் காதுக்கு மட்டும் போகவேண்டாம் அண்ணா, அப்பா விஷயம், தாங்கமாட்டாள் என்றேன்.

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்கதான் புதன்கிழமை வந்து பறஞ்சாங்க, சாரே."